மோட்டார் நோட்டில் எழுத வேண்டியவை

மண்டகப்பட்டு, செஞ்சிப் பக்கத்து ஊர்களில் குடிநீர் மோட்டார் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது, "மோட்டார் அடிக்கடி போயிடுதுண்ணா." அடிக்கடி என்றால் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று திருப்பிக் கேட்டால் டேங்க் ஆபரேட்டர் தம்பி தலையைச் சொறிவார். காயில் கட்டிய பில் மட்டும் பத்திரமாக இருக்கும்.

ஆலைகளில் இதற்கு இரண்டு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவில் மெஷின் சராசரியாக ஓடிய நேரம், எம்.டி.பி.எஃப். என்பார்கள். மற்றது, நின்ற மெஷினை மறுபடி ஓட வைக்கச் சராசரியாக ஆன நேரம், அது எம்.டி.டி.ஆர். உதாரணத்துக்கு, ஒரு மோட்டார் ஓராண்டில் 2,000 மணி நேரம் ஓடி, 4 முறை நின்றது என்றால் முதல் கணக்கு 500 மணி. அந்த 4 பழுதுக்குமாகச் சேர்த்து 160 மணி நேரம் தண்ணீர் வரவில்லை என்றால் இரண்டாவது 40 மணி. 500 மணி வரை மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அது சராசரிதான், 50 மணியிலும் காயில் எரியலாம்.

இரண்டையும் கூட்டி, முதல் கணக்கை அதனால் வகுத்து, மெஷின் எவ்வளவு நேரம் கைகொடுக்கிறது என்று சதவீதம் போடச் சொல்கின்றன பாடப்புத்தகங்கள். இரவு பகலாக ஓடும் ஆலைக்கு அது சரி. தினம் சில மணி நேரம் மட்டும் ஓடும் ஊர் மோட்டாருக்கு, ஓடிய மணியையும் கடிகார மணியையும் ஒன்றாகக் கலந்தால் தப்பான எண்தான் வரும். தனித்தனியாகவே வையுங்கள்.

ஓடிய மணியை எப்படித் தெரிந்துகொள்வது? ஈ.பி. மீட்டர் போதும், அதில் மோட்டார் மட்டும் ஓடுகிறது என்றால். ஒரு மணி நேரம் ஓட்டி எத்தனை யூனிட் ஏறுகிறது என்று பாருங்கள். மாத யூனிட்டை அதனால் வகுத்தால் ஓடிய மணி வந்துவிடும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. மணிக்கு ஏறும் யூனிட் திடீரென்று குறைந்தால் போரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம், இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். கோடையில் காற்றை இழுத்து ஓடும் மோட்டாரை எரிவதற்கு முன்பே இப்படிப் பிடித்துவிடலாம்.

பழுது நேரத்தை ஒரே எண்ணாக எழுதுவதில் பயன் இல்லை. எப்போது நின்றது, எப்போது எனக்குச் சொன்னார்கள், பைப்பை எப்போது மேலே ஏற்றினோம், காயில் கடையிலிருந்து எப்போது வந்தது, எப்போது தண்ணீர் விழுந்தது என்று ஐந்து நேரம் எழுதுங்கள். கைவேலைக்கு ஆனது கொஞ்சம்தான், மீதி எல்லாம் காத்துக்கிடந்தது என்று அப்போது தெரியும். நான் வேகமாக ஸ்பேனர் பிடிப்பதால் அந்த நேரம் குறையாது. கப்பாசிட்டர், ரிலே, கேபிள் ஜாயின்ட் சாமான் ஊரிலேயே இருந்தால் குறையும். முடிந்த ஊர்கள் ஒரு உபரி மோட்டாரையே வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல சாட்சி இருக்கிறது. 1970களில் யுனிசெப் உதவியோடு உருவாகி, கோயம்புத்தூர்ப் பக்கம் சோதித்துப் பார்க்கப்பட்டது இந்தியா மார்க் 2 கைப்பம்பு. அதற்கு முன்பிருந்த வார்ப்பிரும்புப் பம்புகளைவிட எவ்வளவோ உறுதியானது. ஆனால் உள்ளே வாஷர் தேய்ந்தால் பைப் முழுவதையும் தூக்க வேண்டும். அதற்கு வண்டியும் ஆட்களும் வர வேண்டும். அதுவரை ஊர் காத்திருக்கும். 1983 முதல் கோவை வட்டாரத்தில் நடந்த கள ஆய்வில் இரண்டு பக்கமும் கை வைத்தார்கள். தோல் வாஷருக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் போட்டதால் பழுது தள்ளிப்போனது. பைப்பை அகலமாக்கி, அதைத் தூக்காமலே பிஸ்டனை மட்டும் வெளியே எடுக்கும்படி செய்ததால் பழுது பார்க்கும் நேரம் சுருங்கியது. அதுதான் மார்க் 3. என்னைக் கேட்டால், இரண்டாவது மாற்றம்தான் பெரியது.

முதல் கணக்கை மட்டுமே நம்பிக் கட்டியதற்கும் எங்கள் மண்டகப்பட்டில் உதாரணம் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் இங்கே பாறையைக் குடைந்து, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் சொல்லியிருக்கிறார். உளுத்துப்போகும், துருப்பிடிக்கும் சாமானே அதில் இல்லை. 7ஆம் நூற்றாண்டுக் கோயில் இன்னும் நிற்கிறது. மோட்டாருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. புஷ் தேயும், வோல்டேஜ் இறங்கும், மூன்று ஃபேஸில் ஒன்று போகும்.

அதனால் ஒவ்வொரு பழுதுக்கும் காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். நான்கு பழுதில் மூன்று, ஒரு ஃபேஸ் போனதால் வந்தவை என்றால் மோட்டாரை மாற்றிப் பயன் இல்லை. ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் பிரிவென்டர் வாங்கி மாட்டுங்கள். காயில் கட்டிய மோட்டாருக்கு அன்றிலிருந்து தனிக் கணக்கு தொடங்குங்கள். எந்தக் கடையில் கட்டியது எத்தனை மணி ஓடுகிறது என்று தெரிந்த பிறகு, விலை குறைவு என்று எந்தக் கடைக்கும் போக மாட்டீர்கள்.

நோட்டை ஆபரேட்டர் வீட்டில் வைக்காதீர்கள். பேனல் போர்டு அறையிலேயே ஆணியடித்து, பேனாவோடு மாட்டிவிடுங்கள்.