ஃபோகோ தீவுக்குக் கிளம்பும் பிள்ளைக்கு

செனகல் கரைக்கு மேற்கே அட்லாண்டிக்கில் கிடக்கும் கேப் வெர்டே தீவுகள் பத்து. வெள்ளை மணலும் நட்சத்திர விடுதியும் வேண்டுமென்றால் நீ சால் தீவுக்குப் போயிருப்பாய். எரிமலையும் கரிய மண்ணுமான ஃபோகோவுக்குத்தான் போகிறேன் என்றாயாம். கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் போய்வந்த வாய் சும்மா இருக்குமா?

1. அவசரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ. தலைநகர் பிரையாவிலிருந்து விமானத்தில் அரைமணி நேரம்தான். ஆனால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை சகாராவின் புழுதி கடல் தாண்டி வந்து வானத்தை மூடிவிடும் நாட்கள் உண்டு. அப்போது விமானம் நிற்கும். கடல் முரண்டு பிடித்தால் கப்பலும் நிற்கும். அப்படி ஒருநாள் காத்திருந்தபோது வெளியூர்க்காரர் ஒருவர் முகப்பில் இருந்த பெண்ணிடம் கத்திக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த ஊர்ப் பாட்டி தன் பொட்டலத்தைப் பிரித்து எல்லாருக்கும் பங்கு வைத்தாள். கத்தியவருக்கும் ஒரு பங்கு போனது. அதோடு அவர் சத்தம் அடங்கியது. ஊர் திரும்பும் பெரிய விமானத்துக்கு முன் இரண்டு நாளாவது இடைவெளி விட்டுவை.

2. தண்ணீரில் கை அடங்கட்டும். மழை ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் பெய்ய வேண்டும். பல வருஷம் பெய்யாது. எரிமலை வாயின் பள்ளத்துக்குள் இருக்கும் ஷா தாஸ் கல்தெய்ராஸ் ஊரில் ஆறும் இல்லை, ஊற்றும் இல்லை. கூரையில் விழுந்த மழையைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் குடித்தனம். நான் தங்கிய வீட்டுக்கார அம்மா காய் கழுவிய தண்ணீரைச் சிந்தாமல் கொண்டுபோய்ப் பப்பாளி மரத்தடியில் ஊற்றுவார். அதைக் கஞ்சத்தனம் என்று எண்ணிவிடாதே. 1940களில், போர்ச்சுகீசியர் ஆட்சியில், அடுத்தடுத்து வந்த வறட்சியில் இந்தத் தீவுகளில் பல்லாயிரம் பேர் பசியால் செத்தார்கள். பலர் சாவ் தோமே தீவின் கோகோ தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அந்த அம்மாவின் சிக்கனத்துக்குப் பின்னால் அவ்வளவு பேர் நிற்கிறார்கள். உனக்கு ஒரு வாளி தந்தால் ஒரு வாளியில் குளி.

3. "இந்த இடத்தில் ஏன் இன்னும் இருக்கிறீர்கள்?" என்று மட்டும் யாரிடமும் கேட்காதே. என்னோடு வந்த இளைஞன் ஒருவன் கேட்டான். வழிகாட்டி பதில் சொல்லாமல் தன் திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே கொடிக்குப் பந்தல் கிடையாது. கரிய சாம்பலில் குழி பறித்து நடுகிறார்கள்; கொடி தரையோடு படர்கிறது. கொஞ்ச ஈரத்தைச் சாம்பல் காத்து வைத்துக்கொள்ளும். எரிமலை கொடுத்த மண் அது. அதே எரிமலை 1951இலும் 1995இலும் பொங்கியது. 2014 நவம்பர் 23 அன்று மறுபடி வாய் திறந்து, அடுத்த பிப்ரவரி வரை ஓயவில்லை. ஷா தாஸ் கல்தெய்ராஸின் போர்ட்டெலா, பங்காயெய்ரா என்ற இரண்டு குடியிருப்புகளை லாவா விழுங்கியது. ஜனங்களை முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிர் தப்பினார்கள். பிறகு திரும்பி வந்து, இறுகிய லாவாவின் மேலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். கல்லுக்குள் புதைந்த கூரைகளைப் பார்ப்பாய். அது யாரோ ஒருவர் பிள்ளை பெற்ற வீடு. கேட்காமல் படம் எடுக்காதே.

4. எரிமலையின் சிகரம் 2,829 மீட்டர். இருட்டோடு கிளம்பு, உள்ளூர் வழிகாட்டியின் பின்னாலேயே நட, அவரை முந்தாதே. இறங்கும்போது சாம்பல் சரிவில் குழந்தைபோல ஓடி வரலாம். அதற்காகவே ஏறலாம் என்பது என் கட்சி.

5. தீவின் முக்கிய ஊரான சாவ் ஃபிலிப் நகரத்துக்குக் கீழே கரிய மணல் கடற்கரை அழகாக இருக்கும். அலை பொல்லாதது. பார், இறங்காதே. குளிக்க ஆசையென்றால் சலினாஸ் பக்கம் பாறைக் குளங்கள் இருக்கின்றன.

6. எதிரே வருபவர் யாரானாலும் நீ முந்திக்கொண்டு "போன் தியா" என்று வணக்கம் சொல். சாப்பாட்டில் பேதம் பார்க்காதே. மக்காச்சோளமும் அவரை வகைகளும் சேர்த்து நெடுநேரம் வேகவைத்த கச்சுபாதான் அவர்கள் அன்றாடம். மீந்ததைக் காலையில் வதக்கித் தருவார்கள், எனக்கு அதுதான் பிடிக்கும். இறைச்சி வேண்டாமென்றால் முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிடு. மோஸ்டெய்ரோஸ் காப்பித்தூளை விளைகிற இடத்திலேயே வாங்கு. அவர்கள் நாணயமான எஸ்குடோவைக் கையில் வைத்துக்கொள். ஒரு யூரோவுக்கு 110 சொச்சம். பேரம் பேசி ஐம்பது எஸ்குடோ மிச்சம் பிடித்துப் பெருமைப்படாதே.

7. அங்கே ஏழை என்று நீ முடிவுகட்டுகிற கிழவருக்கு உன்னைவிட உலகம் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் பிராவா, ஃபோகோ தீவுகளில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டன. இன்றும் மசாசூசெட்ஸில் மகனோ மகளோ இல்லாத வீடு அரிது என்றே எனக்குப் பட்டது. திண்ணையில் உட்காரச் சொன்னால் உட்கார். உன் வீட்டைப் பற்றி, உன் அம்மாவைப் பற்றி விசாரிப்பார்கள். கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டுப் பதில் சொல்.

சாவ் ஃபிலிப் திருவிழா மே 1. குதிரைப் பந்தயமெல்லாம் உண்டு, வெளிநாட்டில் இருப்பவர்களும் ஊர் வந்து சேர்வார்கள். அப்போது போவதாக இருந்தால் அறைக்கு இப்போதே சொல்லிவை.