அளவு தப்பாமல் ஸ்கூபா சாமான் வாங்க

ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனாலும் தோட்டத்துக் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது புதுச்சேரி, அந்தமான் என்று ஸ்கூபா பழகக் கிளம்புகிறார்கள். போட்டுப் பார்த்து வாங்கக் கடை பக்கத்தில் கிடையாது. போனில் ஆர்டர் போட்டால் சாமான் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். உடம்புக்குச் சேருமா என்பதுதான் பாடு. அதற்காகச் சில குறிப்புகள்.

1. முதல் தடவை போகிறவர்கள் எதையும் வாங்க வேண்டாம். அறிமுக முக்குளிப்புக்குச் சாமான் எல்லாவற்றையும் பெரும்பாலும் கட்டணத்தோடு சேர்த்தே டைவ் சென்டரில் கொடுத்துவிடுவார்கள். பிடித்துப்போய், 18 மீட்டர் ஆழம் வரை இறங்க அனுமதிக்கும் ‘ஓப்பன் வாட்டர்’ பயிற்சிக்குப் பணம் கட்டிய பிறகு வாங்க ஆரம்பித்தால் போதும். அப்போதும் முதலில் மாஸ்க், அடுத்து காலில் மாட்டும் ஃபின்ஸ், அதற்கப்புறம் வெட்சூட் என்ற உடை. இந்த வரிசை காரணத்தோடு சொல்வது. மாஸ்க் ஆளுக்கு ஆள் முகத்தைப் பொறுத்து மாறும். வாடகை மாஸ்க் சேராமல் தண்ணீர் ஏறினால் அன்றைய முக்குளிப்பே வீண். மற்றவற்றை வாடகைக்கு எடுத்துச் சமாளிக்கலாம்.

2. எஸ், எம், எல் என்ற எழுத்துகளை நம்பி ஆர்டர் போடாதீர்கள். ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனியில் எல். கிரெஸ்ஸி, மாரெஸ் போன்றவை இத்தாலியக் கம்பெனிகள். அவர்கள் மனதில் இருக்கும் உடம்பு வாகு வேறு. ஒவ்வொரு மாடலின் பக்கத்திலும் சைஸ் சார்ட் என்று ஒரு அட்டவணை இருக்கும். அதில் சென்டிமீட்டர் கணக்கைப் பாருங்கள். சார்ட்டே போடாமல் ‘ஃப்ரீ சைஸ்’ என்று விற்கிறவரிடம் வெட்சூட் வாங்கக் கூடாது.

3. அளவெடுக்கத் தெருமுனைத் தையல்காரரிடம் போகலாம், ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் பழக்கத்தில் டேப்புக்கு அடியில் இரண்டு விரலை நுழைத்துக்கொண்டு, ‘கொஞ்சம் லூஸ் விட்டிருக்கேன்’ என்பார். சட்டைக்கு அது சரி. வெட்சூட்டுக்கு அந்த இரண்டு விரல்தான் வினை. உடம்பை ஒட்டிய அளவு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். டேப் தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. வீட்டில் எடுப்பதானால் உள்ளாடையோடு நின்று இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள். தன் உடம்பைத் தானே அளந்தால் கை தூக்கும்போதே மார்பளவு மாறிவிடும்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: செருப்பில்லாமல் உயரம், எடை, சாதாரண மூச்சில் மார்பின் பருத்த இடம், இடுப்பு, தையல்காரர்கள் ‘சீட்’ என்று சொல்லும் பின்பக்கச் சுற்று, கவட்டிலிருந்து கணுக்கால் வரை நீளம், கழுத்துச் சுற்று. இடுப்பு என்று ஒருவர் தொப்புளுக்கு நேராகவும் இன்னொருவர் பேன்ட் நிற்கும் இடத்திலும் அளப்பார்கள். சார்ட்டில் உள்ள படத்தில் எங்கே கோடு போட்டிருக்கிறதோ அங்கே அளந்தால் குழப்பம் இல்லை.

4. இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால்? ஆண்கள் மார்பையும் உயரத்தையும், பெண்கள் மார்பையும் சீட்டையும் முதலில் பொருத்திப் பாருங்கள். எடை கடைசிச் சாட்சி. பல கம்பெனிகளில் உயரமானவர்களுக்கும் குள்ளமானவர்களுக்கும் தனி நீளத்தில் கிடைக்கும். அதைத் தேடாமல் ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் கை கால் நீளம் சரியாகி, முதுகில் தொளதொளவென்று நிற்கும். அளந்து இரண்டு மூன்று மாதம் ஆகிவிட்டால் மறுபடி ஒருமுறை அளக்கவும். நடுவில் ஒரு தீபாவளி வந்திருந்தால் கட்டாயம் அளக்கவும். பால்கோவா ஊர்க்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

5. மாஸ்க் வந்ததும் செய்ய வேண்டிய சோதனை இது. வாரை முன்பக்கம் தள்ளிவிடுங்கள். கூரையைப் பார்த்தபடி முகத்தை நிமிர்த்தி, மாஸ்க்கை முகத்தில் வெறுமனே வையுங்கள். சுற்றிலும் சிலிக்கான் விளிம்பு தோலைத் தொடுகிறதா என்று இன்னொருவர் பார்க்கட்டும். கண்ணோரத்திலும் மேலுதட்டுக்கு மேலும்தான் இடைவெளி விழும். பிறகு மூக்கால் லேசாக மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு தலையைக் குனியுங்கள். மூச்சைப் பிடித்திருக்கும் வரை மாஸ்க் விழாமல் ஒட்டியிருந்தால் உங்கள் முகத்துக்கானது. ‘உஸ்’ என்று காற்று புகுந்தால் இல்லை. பலமாக உறிஞ்சினால் எந்த மாஸ்க்கும் ஒட்டும், அது கணக்கில் சேராது. கண்ணாடி நெற்றியிலோ மூக்குத்தண்டிலோ இடிக்கவும் கூடாது. மூச்சுவிடும் கருவியான ரெகுலேட்டர் வாயில் இருப்பதுபோல் உதட்டைக் குவித்து இன்னொரு தடவை பாருங்கள். கன்னம் அசையும்போது சிலருக்கு விளிம்பு பிரிந்துவிடும்.

சோதனைக்கு முன்பு முகத்தில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்த அன்று நெற்றியில் சிலிக்கான் வழுக்கும். மூக்குத்தியைக் கழற்றிவிடுங்கள், மூக்குப் பையில் அழுந்திப் புண்ணாகும், சிலிக்கானையும் கிழிக்கும். மீசைக்காரர்கள் கோபிக்க வேண்டாம். முழுதாக எடுக்கச் சொல்லவில்லை. மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு அளவுக்குச் சிரைத்துவிட்டால் விளிம்பு தோலில் படியும்.

6. மாஸ்க் வார் தலையின் பின்புறம், பருத்த பகுதியில் உட்கார வேண்டும். காதுக்குக் கீழே இறங்கினால் மாஸ்க் முகத்தில் தூக்கிக்கொள்ளும். ஆண்டாள் கொண்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் கடலுக்கு ஆகாது. தாழப் பின்னிய ஒற்றைச் சடைதான் சௌகரியம். தண்ணீர் ஏறினால் வாரை இறுக்கிக்கொண்டே போகிறவர்கள் பலர். இறுக்க இறுக்க விளிம்பு மடங்கி இன்னும் ஒழுகும். சேராத மாஸ்க்கை வாரால் சேரவைக்க முடியாது.

7. நீச்சல்குளத்துக் கண்ணாடியைக் கொண்டுபோய் ஸ்கூபா இறங்கவே கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. மாஸ்க்குக்குள் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். மாஸ்க்கில் மூக்கும் உள்ளே இருப்பதால் மூக்கால் கொஞ்சம் காற்று விட்டுச் சரிசெய்யலாம். நீச்சல் கண்ணாடியில் அதற்கு வழியில்லை, கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டிவிடும். முகம் முழுக்க மூடி, மேலே குழாய் வைத்த ஸ்நார்க்கல் மாஸ்க்கும் மேற்பரப்பில் மிதந்து வேடிக்கை பார்க்க மட்டும்தான். டெக்கத்லான் 2014-இல் இதைக் கொண்டுவந்த பிறகு ஆளாளுக்குச் செய்து விற்கிறார்கள். ‘ஸ்கூபா மாஸ்க்’ என்று தலைப்பில் போட்டிருந்தாலும் ஏமாற வேண்டாம்.

8. கண்ணாடி போடுகிறவர்களுக்கு: பவர் லென்ஸ் மாட்டக்கூடிய மாஸ்க்குகள் தனியாக உண்டு. இடது வலது என இரண்டு கண்ணாடி பிரிந்த மாடலாகப் பாருங்கள். கிட்டப்பார்வைக்கான லென்ஸ் அரை அரைப் புள்ளி வித்தியாசத்தில் தயாராகக் கிடைக்கும். சிலிண்டர் பவர் இருந்தால் சொல்லித்தான் செய்ய வேண்டும். தண்ணீருக்குள் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால், குறைந்த பவர்காரர்கள் சாதா மாஸ்க்கோடு ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். எதுவானாலும் கண்ணாடியில் ‘டெம்பர்டு’ என்று பொறித்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் லென்ஸ் வேண்டாம்.

9. ஃபின்ஸ் இரண்டு வகை. ஷூ மாதிரி முழுப் பாதத்தையும் மூடுவது வெறுங்காலில் போடுவது. குதிகால் திறந்து வார் வைத்ததற்கு உள்ளே நியோப்ரீன் ரப்பர் பூட்ஸ் வேண்டும். முதலில் பூட்ஸ் வாங்கி, அது சேர்ந்த பிறகு அதற்கேற்ற ஃபின்ஸை ஆர்டர் போடுவதுதான் ஒழுங்கு; இரண்டையும் ஒரே நாளில் வாங்கினால் இரண்டில் ஒன்று திரும்பிப் போகும்.

பாதம் சாயங்காலம் சற்று வீங்கியிருக்கும், அப்போது அளக்கவும். சுவரோரம் ஒரு தாளை விரித்து, குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று, நீளமான விரல் நுனியில் கோடு போடுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் 8-ஆம் நம்பர், ஐரோப்பிய அளவில் சுமார் 42, அமெரிக்க ஆண்கள் அளவில் 9. நம் செருப்பு நம்பரை அப்படியே போட்டால் தப்பிப்போவது இங்கேதான். மாட்டிய பிறகு விரல்கள் மடங்கக் கூடாது, குதிகால் தூக்கக் கூடாது. தரையில் நடந்து பார்க்காதீர்கள், தடுக்கி விழுவீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள்.

10. அந்தமான் கடலில் தண்ணீர் பொதுவாக 27 முதல் 30 டிகிரி வரை இருக்கும். அதற்கு 3 மில்லிமீட்டர் வெட்சூட் தாராளம். ‘நல்லா தடிமனா இருக்கட்டும்’ என்று 5 மில்லிமீட்டர் வாங்கினால் படகில் வெந்துபோவீர்கள், மிதப்பும் கூடி ஈயக்கட்டி அதிகமாகக் கட்ட வேண்டி வரும். வெயிலுக்கும் ஜெல்லிமீனுக்கும் பாதுகாப்புதான் முக்கியம் என்றால் லைக்ரா உடையே போதும், அளவுப் பிரச்சினையும் பாதி குறையும். என்னைக் கேட்டால் நம் பக்கத்துக் கடலுக்கு அதுவே முதல் தேர்வு.

வெட்சூட் தரையில் இறுக்கமாகத்தான் இருக்கும், தண்ணீரில் இளகும். ஆழ மூச்சு இழுக்க முடிய வேண்டும், குந்தி உட்கார முடிய வேண்டும், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க முடிய வேண்டும். அக்குள், முதுகின் கீழ்ப்பகுதி, கவடு ஆகிய மூன்று இடங்களில் துணியைக் கிள்ளிப் பாருங்கள். கை நிறைய வந்தால் பெரிது. அந்த இடத்தில் தண்ணீர் வந்து போய்க்கொண்டே இருந்து குளிரும்.

11. புது வெட்சூட்டை மாட்டுவதே ஒரு கலை. காலில் வழவழப்பான ஒரு பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் சர்ரென்று போகும், கைக்கும் அப்படியே. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் கேரி பேக்குக்குத் தடை என்றாலும், வேறு ஏதாவது பார்சலில் வந்த உறை வீட்டில் இருக்கும். விரல் நுனியால் இழுங்கள், நகத்தால் இழுத்தால் நியோப்ரீன் பிறை வடிவில் கிழியும். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் மத்தியானம் போட்டுப் பார்க்காதீர்கள்; வியர்வை பட்ட உடையைத் திருப்பி எடுக்க மாட்டார்கள். விடிகாலையில், ஃபேனுக்கு அடியில், மெல்லிய உள்ளுடைக்கு மேலே. முடிவெடுக்கும் வரை லேபிளை வெட்டக் கூடாது, தண்ணீரும் காட்டக் கூடாது.

12. கையுறை அவசரமில்லை. ராமேஸ்வரம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்கள் தொழில் பாறையைத் தொடாமல் நடக்காது. நாம் வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள். கையுறை இருந்தால் பவளப்பாறையைத் தொடத் தோன்றும் என்பதால் பல இடங்களில் அனுமதிப்பதே இல்லை.

13. ரெகுலேட்டரையும், மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் பி.சி.டி. ஜாக்கெட்டையும் இணையத்தில் வாங்காதீர்கள். ஜாக்கெட்டில் காற்றை முழுதாக நிரப்பினாலும் மூச்சு முட்டக் கூடாது. அதை வெட்சூட்டுக்கு மேலே மாட்டி, காற்றடைத்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். ரெகுலேட்டர் சிலிண்டரில் பொருந்தும் இடம் யோக், டின் என இரண்டு வகை. நீங்கள் முக்குளிக்கும் இடத்தில் எது என்று கேட்காமல் வாங்கினால் மாட்ட முடியாமல் போகலாம். பழைய ரெகுலேட்டர் மலிவாகக் கிடைக்கிறது என்றால் இன்னும் மோசம். உயிர் அதில் தொங்குகிறது.

14. மாஸ்க் சேர்ந்துவிட்டது, வைத்துக்கொள்ளலாம் என்று முடிவான பிறகு, கண்ணாடியின் உட்பக்கம் வெள்ளைப் பற்பசையை விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தயாரிப்பில் படிந்த மெல்லிய படலம் போனால்தான் ஆவி படியாது. ஜெல் பேஸ்ட் உதவாது. லைட்டரால் சுட்டுக் காட்டும் வீடியோக்களைப் பார்த்துச் செய்ய வேண்டாம். வெள்ளோட்டத்துக்கு வாளித் தண்ணீர் போதும். கிணற்றில் இறங்குவதானால் கரையில் நீச்சல் தெரிந்த ஒருவர் நிற்கட்டும். சிலிண்டர் கிடைத்தாலும் பயிற்சியாளர் இல்லாமல் கிணற்றில் இறங்கவே கூடாது.

15. ஆர்டர் போடும் முன் திருப்பும் நிபந்தனையைப் படியுங்கள். உடல் சுத்தம் காரணம் காட்டிச் சிலர் மாஸ்க், வெட்சூட் இரண்டையும் திருப்பி எடுப்பதில்லை. பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். சார்ட்டில் சொன்ன அளவும் வந்த அளவும் வேறாக இருந்தால் டேப்பை உடைமேல் வைத்துப் படம் எடுங்கள். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. கேட்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் சரி. விருதுநகர் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது.