கேட்காமல் வரும் அப்டேட்

காரைக்குடி

அன்புள்ள கயல்விழிக்கு,

ஆடிட்டர் ஆபீஸில் உனக்கென்று தனிக் கம்ப்யூட்டர் கொடுத்துவிட்டார்களாமே, உன் அம்மா சொன்னாள். சந்தோஷம். ஆனால் அதில் இருப்பதெல்லாம் ஊரார் சொத்து: கிளையண்டுகளின் பான் எண், ஜிஎஸ்டி லாகின், டேலி கணக்கு. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஏதோ ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பாய். "உங்கள் குரோம் பழையதாகிவிட்டது, உடனே அப்டேட் செய்யுங்கள்" என்று ஒரு பெட்டி குறுக்கே வந்து நிற்கும். சின்னம், நிறம் எல்லாம் அசலாகவே இருக்கும். தொடாதே. குரோம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். அதற்கு எந்த வலைத்தளத்தின் தயவும் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் பக்கத்தை மூடிவிட்டு, வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அமுக்கி, ஹெல்ப், அபௌட் கூகுள் குரோம் என்று போய்ப் பார்.

"கண்ட தளத்துக்கெல்லாம் நான் போவதில்லை பெரியப்பா" என்பாய். ஆனால் 2017 அக்டோபரில் பேட் ராபிட் என்ற ரான்சம்வேர் பரவியது ரஷ்யாவின் பெயர்பெற்ற செய்தித் தளங்கள் வழியாகத்தான். தளத்துக்குள் புகுந்து, ஃபிளாஷ் பிளேயர் அப்டேட் என்று பெட்டி காட்டினார்கள். நம்பி நிறுவியவர்களின் ஃபைல்கள் பூட்டப்பட்டன, திறக்க 0.05 பிட்காயின் கேட்டார்கள். உக்ரைனின் ஒடெசா விமான நிலையமும் கீவ் மெட்ரோவும்கூட அடிபட்டன. அந்த ஃபிளாஷை அடோபியே 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கைவிட்டுவிட்டது. இன்னும் அதன் பெயரில் அப்டேட் என்று வந்தால், செத்தவர் கார்டில் ரேஷன் வாங்குகிற கதைதான்.

இப்போது இதைவிடச் சாமர்த்தியமான ஒன்று நடமாடுகிறது. "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்" என்று கேட்கும். கட்டத்தில் டிக் செய்ததும், விண்டோஸ் கீயோடு ஆர் (ரன் பெட்டி திறக்கும்), அடுத்து கண்ட்ரோல் வி, அப்புறம் என்டர் என்று வரிசையாக அமுக்கச் சொல்லும். நீ டிக் செய்தபோதே ஒரு கட்டளை உனக்குத் தெரியாமல் கிளிப்போர்டில் ஏறியிருக்கும். அதை உன் கையாலேயே ஓட வைக்கிறார்கள்! டவுன்லோடு எதையும் நீ திறக்காததால் பிரவுசரும் பெரும்பாலும் எச்சரிக்காது. லும்மா போன்ற திருட்டு நிரல்கள் இப்படி நுழைந்து, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும். லாகின் குக்கி கைக்கு வந்துவிட்டால் பல கணக்குகளுக்குள் ஓடிபி இல்லாமலே புகுந்துவிடலாம். மனிதன் என்று நிரூபிக்க யாரும் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லமாட்டார்கள்.

மென்பொருள் வேண்டுமென்றால் தேடலில் முதலில் நிற்கும் விளம்பரங்களைத் தாண்டிப் போ. ஜிஎஸ்டி ஆஃப்லைன் டூல் ஜிஎஸ்டி தளத்திலேயே இருக்கிறது.

எப்போதாவது கை தவறிவிட்டால் நெட்டைத் துண்டித்துவிடு. பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்று. ஆடிட்டரிடம் அப்போதே சொல், திட்டினால் திட்டட்டும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடு, விடியட்டும் என்று இருக்காதே.

அன்புடன்,
பெரியப்பா