சின்னப் புள்ளைக்கு நூலகத்தில் என்ன வேலை?



"என் மகளுக்கு மூணு வயசுதான். 'ஆனா, ஆவன்னா' கூடத் தெரியாது. அவளை நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போய் என்ன செய்ய?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. வாசிக்கப் பழகிய பிறகுதான் நூலகம் என்பது நமது எண்ணம். அது சரியல்ல.

எழுத்துப் படிப்பதற்கு முன்பே வாசிப்புக்கான வேலை தொடங்கிவிடுகிறது. புத்தகத்தை எப்படிப் பிடிப்பது, தாளை எப்படிப் புரட்டுவது, எழுத்து இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போகிறது என்பதெல்லாம் பிள்ளைக்குப் பழக வேண்டும். அதைவிட முக்கியம் சொற்கள். காதால் கேட்டு அறிந்த சொல்லைத்தான் பிள்ளை பிறகு எழுத்தில் இலகுவாக அடையாளம் காணும். பிரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் "வா, சாப்பிடு, அழாதே" என்பதற்கு மேல் நாம் என்ன பேசிவிட முடியும்? குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கடல், கப்பல், ஒட்டகம் என்ற சொற்கள் லயத்துக்குள் தானாக வராது. படப் புத்தகம் அவற்றைக் கொண்டுவரும்.

அந்தப் புத்தகங்களை விலைக்கு வாங்கக் கட்டுப்படியாகாது. அதற்குத்தான் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளின் பொது நூலகங்கள் இருக்கின்றன. பலவற்றில் சிறுவர் பகுதி உண்டு. ஒக்டோபரில் வரும் தேசிய வாசிப்பு மாதத்தில் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளும் நடக்கும்.

இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் 1992இல் ஒரு காரியம் செய்தார்கள். ஒரு வயது கூட நிரம்பாத சுமார் 300 குழந்தைகளின் குடும்பங்களுக்கு, சுகாதார ஊழியர்கள் மூலம் ஒரு புத்தகமும் நூலகத்தில் சேர அழைப்பும் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலரைப் பாடசாலை சேர்ந்த பின் பார்த்தபோது, மொழியில் மட்டுமல்ல, கணக்கிலும் மற்றவர்களை விட முன்னுக்கு நின்றார்கள்.

"எனக்கே வாசிக்கத் தெரியாதே" என்று ஒதுங்க வேண்டாம். அம்மாயி படத்தைக் காட்டி இப்படிப் பேசினாலே போதும்:

"இது என்னா?"
"ஆடு."
"ஆமா, கறுப்பு ஆடு. எங்க போகுது?"
"அம்மாவத் தேடிப் போகுது."
"அம்மா எங்க போச்சு?"

இப்போது கதை சொல்வது பிள்ளைதான். கேள்வி கேட்பதும், பிள்ளை சொன்னதோடு ஒரு சொல் சேர்த்துச் சொல்வதுமே அம்மாயியின் வேலை. ஒரே புத்தகத்தைப் பத்துத் தரம் கேட்டாலும் சலிக்க வேண்டாம். திரும்பத் திரும்பக் கேட்டால்தான் சொல் மனதில் நிற்கும்.

தூரமும் பஸ் காசும் பெரிய தடைதான். வேறொரு தடையும் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட விடாமல் நம்மை வெளியே நிறுத்தியது. வாக்குப் போட மட்டும் நாம் வேண்டியிருந்தது! அந்தச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே தோட்டத்தில் ஒரு வாசிகசாலை வேண்டும், பிள்ளை மடுவத்துக்குப் புத்தகம் வேண்டும் என்று சபை உறுப்பினரிடம் தயங்காமல் கேளுங்கள். எழுத்தில் கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கத்தவராகச் சேரும் விதி இடத்துக்கு இடம் வேறுபடும். பிணைக் கையொப்பமோ வதிவிடச் சான்றோ கேட்கலாம். சான்றுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். சம்பளத்துக்கு டவுனுக்குப் போகும் நாளிலேயே இதையும் முடிக்கலாம்.

இரவல் வாங்கிய புத்தகத்தை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். புகையும் ஈரமும் தாளைக் கெடுக்கும். பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். பிள்ளை கிழித்துவிட்டால் பயந்து ஒளிக்காமல் நூலகரிடம் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளின் புத்தகம் கிழியும் என்பது அவருக்கும் தெரியும்.