கார்பன் எங்கே தங்குகிறது என்று பாருங்கள்

பிளாஸ்டிக் கலவையில் கார்பன் சேர்த்து மின்சாரம் கடத்தவைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே! தடை குறையவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் கார்பன் போடத்தான் கை நீளும். போடப் போட உருகிய பிளாஸ்டிக் ஓட மறுக்கும்; வார்த்த பாகம் பட்டென்று உடையும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். நாம் அளப்பதோடு நிற்காமல், போட்டது எங்கே போய்த் தங்கியது என்றும் பார்க்க வேண்டும்.

1. எவ்வளவு கடத்த வேண்டும் என்று முதலில் கேளுங்கள். மின்னணுச் சில்லுகளை அடுக்கும் தட்டில் நிலைமின் மெல்ல வடிந்தால் போதும். பரப்புத் தடை 10⁴ ஓமுக்கும் 10¹¹ ஓமுக்கும் இடையில் இருக்கட்டும். மின்காந்தக் குறுக்கீட்டைத் தடுக்கும் உறைக்கு அது போதவே போதாது.

2. பெர்கோலேஷன் வாசலைத் தேடுங்கள். துகள்கள் நெருங்கித் தொடர்பாதை அமையும்வரை தடை அதிகம் அசையாது. அமைந்ததும் பல லட்சம் மடங்கு சரியும். 5, 10, 15 சதவீதம் என்று தாவினால் அந்த இடம் தப்பிவிடும். நெருக்கமான அளவுகளில் மாதிரி செய்யுங்கள்.

3. கார்பனின் வடிவத்தைப் பாருங்கள். உருண்டைத் துகள்கள் சீராகச் சிதறியிருந்தால் கனஅளவில் சுமார் 16 சதவீதம் தேவை. கிளைகிளையாய்க் கொத்தாக இருக்கும் கடத்து ரக கார்பன் பிளாக்குக்கு அதைவிடக் குறைவு. நீண்ட நானோகுழாய்க்கு 1 சதவீதத்துக்குக் கீழேகூடப் போதும்.

4. இரண்டு பாலிமர்களைச் சேர்த்துக் கலவை செய்தால், அவை ஒன்றில் ஒன்று கரையாதது நமக்கு நல்லது. இரண்டும் தனித்தனியே, ஆனால் அறுபடாமல் பின்னிக்கிடக்க வேண்டும். கார்பன் அவற்றில் ஒன்றில் மட்டும் தங்கினால் குறைந்த அளவே போதும். ஜப்பானில் சுமிதா குழு 1991-இல் இதை இரட்டைப் பெர்கோலேஷன் என்று விளக்கியது. பெல்ஜியத்தின் லியேஜ் ஆய்வாளர்கள் 1990-களில் பாலிஎத்திலீன், பாலிஸ்டைரீன் இரண்டும் சந்திக்கும் எல்லையிலேயே கார்பன் பிளாக்கை நிறுத்தினார்கள், எடையில் 0.4 சதவீதத்திலேயே பாதை அமைந்துவிட்டது.

5. கார்பன் எந்தப் பக்கம் போகும் என்று முன்பே கணக்கிடுங்கள். பரப்பு இழுவிசைகளிலிருந்து நனைப்புக் கெழுவைப் போடுங்கள். அது 1-க்கு மேல் போனாலும், −1-க்குக் கீழ் இறங்கினாலும் கார்பன் ஏதாவது ஒரு பாலிமருக்குள் போகும். இடையில் நின்றால் எல்லையில் தங்கும். உருகும் வெப்பநிலையின் மதிப்புகளையே எடுங்கள். அறை வெப்பநிலை மதிப்பு ஏமாற்றும்.

6. கலக்கும் வரிசையையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். பிடிக்காத பாலிமரில் முதலில் கலந்த கார்பன், இன்னொன்றைச் சேர்த்ததும் அதை நோக்கி நகரும். எல்லையைக் கடக்கும்போது நிறுத்தினால் அங்கேயே பிடிக்கலாம். குறைவாகக் கலந்தால் கட்டி நிற்கும். மிஞ்சினால் நானோகுழாய் முறியும்.

7. ஒரே குருணையை அழுத்தி வார்த்தால் ஒரு தடை, இன்ஜெக்ஷனில் வார்த்தால் வேறு தடை. இன்ஜெக்ஷனில் மேல்தோலில் பாதை அறுந்துபோகலாம். வார்த்த முறையை எழுதாத எண்ணுக்கு மதிப்பில்லை.

8. முனைகளில் வெள்ளிப் பசை பூசி, நன்கு கடத்தும் மாதிரியை நான்கு முனை முறையில் அளவிடுங்கள். இரண்டே முனை வைத்தால் தொடுதடையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

9. நானோகுழாய்ப் பொடியைத் திறந்த மேசையில் கொட்டாதீர்கள். அதில் ஒரு வகையை, மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்ற பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-இல் சேர்த்தது. புகை உறிஞ்சும் ஆய்வகப் பெட்டிக்குள் எடைபோடுங்கள்.

10. தடை இறங்காவிட்டால் கார்பன் டப்பாவைத் திறக்குமுன் மாதிரியின் ஒரு துண்டை வெட்டுங்கள். பாலிஎத்திலீன்–பாலிஸ்டைரீன் கலவை என்றால் அறை வெப்பநிலையில் டொலுவீனில் ஊறவையுங்கள். பாலிஸ்டைரீன் கரைந்த பிறகும் துண்டு உருக்குலையாமல் நின்றால் பாலிஎத்திலீன் தொடர்ந்திருக்கிறது. உதிர்ந்துவிட்டால் மாற்ற வேண்டியது பாலிமர்களின் விகிதம். கார்பனைக் கூட்டிப் பயனில்லை.