சூலை நோயும் முதல் கீமோவும்

கீமோ தொடங்கப்போகும் அம்மாவிடம், "அழாதீங்கம்மா, பாசிட்டிவா இருங்க" என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், தம்பி தங்கைகளே.

சூலை நோயில் துடித்த திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடிய முதல் பதிகத்தைப் படிச்சுப் பாருங்க. வலியை அவர் மறைக்கவே இல்லை. வயிற்றுக்குள் படும் பாட்டை இறைவனிடம் அப்படியே முறையிடுகிறார். நோய் தீர்ந்த பின் உழவாரம் ஏந்திக் கோயில் கோயிலாகச் செய்த தொண்டுதான் அவருடைய நன்றி. அன்று திருநீறு கொடுத்துச் சன்னிதிக்கு அழைத்துப் போனவர் அக்கா திலகவதியார்.

அந்த அக்கா வேலைதான் நம்முடையது. முதல் நாள் காலையில் அம்மாவுக்குத் திருநீறு பூசிவிடுங்க. கூடவே போய் உட்காருங்க. அழுதா அழட்டும். ஊசி போடும் நர்சுக்கு நீங்களே ஒரு நன்றி சொல்லுங்க; அம்மாவுக்கு மனசு வரும்போது வரட்டும். வீட்டில் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் விடியும்வரை காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்க.