பூசினால் எலும்புக்குப் போகுமா?

பெல்மதுளை டவுனில் பாமசி நடத்துகிறவனுக்கு இப்போதெல்லாம் ஒரே கேள்விதான். "அண்ணே, லிப்போசோம் கிறீமாம். பூசினா மருந்து நேரா ரத்தத்துல கலந்து எலும்பு வரைக்கும் போகுதாமே? சீனிக்கும் வந்திருக்காம், இனி ஊசியே வேணாமாம்." எல்லாம் போனில் வந்த வீடியோ. கொழுந்து சுமந்து முதுகு போனவர்களிடம் இப்படிப் புளுக ஒரு துணிச்சல் வேண்டும்.

லிப்போசோம் பொய்யில்லை. சோயாவிலும் முட்டை மஞ்சட்கருவிலும் உள்ள லெசித்தின் வகைக் கொழுப்பாலான நுண்குமிழி அது. 1960களில் இங்கிலாந்தில் அலெக் பேங்கம் கண்டது. நம் மேல்தோலின் வெளியடுக்கு, லயத்துச் சுவரின் கல்லும் சாந்தும் போல, செத்த செல்களும் இடையே கொழுப்புமாக இருக்கிறது. குமிழியின் கொழுப்பு அந்தச் சாந்தோடு கலந்து மருந்தை உள்ளே விடுகிறது. ஆனால் எதுவரை?

1980இல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் மெசேயும் குலசேகரமும் (பெயரைக் கவனியுங்கள்) டிரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டை முயல் தோலில் பூசிப் பார்த்தார்கள். லிப்போசோமில் வைத்துப் பூசியபோது தோலில் நான்கைந்து மடங்கு கூடுதலாகத் தங்கியது. உடலுக்குள் போனதோ குறைந்தது. குறைந்தது! வீடியோக்காரர் சொல்வதற்கு நேர் எதிர். 1988இல் சுவிட்சர்லாந்தில் விற்பனைக்கு வந்த முதல் லிப்போசோம் தோல் மருந்தும் பங்கசுக்கான எக்கோனசோல்தான். பங்கசு குடியிருப்பது மேல்தோலில். மருந்து அங்கே தங்கினால் போதும்.

சீனிக் கதைக்கு வருவோம். மூலக்கூறு எடை 500ஐத் தாண்டினால் தோல் மறிக்கும் என்பது பொது விதி. நிக்கோட்டின் 162, பட்டியாகத் தோலில் ஒட்டினால் ரத்தத்துக்குப் போகும். இன்சுலின் ஏறக்குறைய 5,800. வளைந்து நுழையும் குமிழிகளில் வைத்து அதைச் செலுத்த 1990களிலிருந்து முயல்கிறார்கள். ஊசிக்குப் பதிலாக ஒரு கிறீமும் கடைக்கு வரவில்லை. வீடியோவை நம்பி ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

தைலத்துக்கும் கதைகள் உண்டு. எரிந்தால்தான் வேலை செய்யுமாம். அது மெந்தோலும் கற்பூரமும் நரம்பைச் சீண்டுவது. தடிப்பாகப் பூசினால் சீக்கிரம் குணமாகுமாம். மிச்சம் சட்டையில் ஒட்டும், அவ்வளவுதான்.

எனக்கு உண்மையான கோபம் வேறொரு டியூப்பின் மேல். மழையில் படங்கு கட்டிக்கொண்டு மலையில் நிற்கும் பெண்களுக்கு இடுப்பில் படர்தாமரை வருகிறது. உடனே குளோபெட்டசோல் கலந்த கிறீமைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். அரிப்பு அடங்கும், பங்கசு பரவும், தோல் மெலியும். டியூப்பில் குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் என்று கண்டால் நீங்களாகப் பூசாதீர்கள், டொக்டரிடம் காட்டுங்கள். துண்டு கேட்காமல் எடுத்துக் கொடுக்கிற பாமசிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.